தண்டுவடத்துக்குள் மார்ஃபின் செலுத்தும் பம்ப்: யாருக்கு உதவும், எங்கே சறுக்கும்

வாய்வழியாக 300 மி.கி. மார்ஃபின் எடுத்தால் கிடைக்கும் வலி நிவாரணத்தை, தண்டுவட நீருக்குள் நேராகச் செலுத்தும் சுமார் 1 மி.கி. தந்துவிடும். ரத்தக்குழாய் வழியென்றால் 100, தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தும் எபிடியூரல் வழியென்றால் 10. வலி மருத்துவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் இந்தக் கணக்கு தோராயமானதுதான். பல மாதங்களாக ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற அபின் வகை வலி மருந்து) மாத்திரை சாப்பிட்டு வருபவரிடம் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் தூக்கக் கலக்கம், குமட்டல், மலச்சிக்கல் தாளாமல் மாத்திரையைக் கூட்டவும் முடியாமல் குறைக்கவும் முடியாமல் திணறும் ஒருவருக்கு இந்த வழியை ஏன் சொல்கிறார்கள் என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

இங்கே மதிப்பிடுவது வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்கப்படும், ப்ரோக்ராம் செய்யக்கூடிய பம்பை. பரவலாகப் பயன்பட்டு வருவது மெட்ரானிக்கின் சிங்க்ரோமெட் II. ஒப்பீட்டுக்கு ஃப்ளோவோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ப்ரொமெட்ரா II. அறுவை சிகிச்சைக்கு ஒரே ஒரு தடவை போடும் தண்டுவட மார்ஃபின் ஊசிக்கும் இதே மருந்தியல்தான் என்பதால் அதையும் தொட்டுச் செல்கிறோம்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மாத்திரைக்கு அடங்காத புற்றுநோய் வலிக்கு இது நல்ல சாதனம். பல இடங்களில் தேவையில்லாமல் தாமதமாகத்தான் கையில் எடுக்கப்படுகிறது. புற்றுநோய் இல்லாத நாள்பட்ட முதுகுவலிக்கு, மற்ற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் யோசிக்க வேண்டியது. எந்த வலியாக இருந்தாலும், பலனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பம்பை நிரப்பும் கிளினிக்கின் ஒழுங்கு. பதிக்கும் அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரீஃபில் வருடக்கணக்கில் தொடரும். ஆகவே எந்த பம்ப் என்று கேட்பதற்கு முன் யார் நிரப்பப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

மருந்து வேலை செய்யும் இடம்

தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில்தான் உடலிலிருந்து வரும் வலிச் செய்தி முதல் நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குக் கைமாறுகிறது. அங்கே ஓபியாய்டு ஏற்பிகள் அடர்த்தியாக இருக்கின்றன. தண்டுவடத்தில் மட்டும் ஓபியாய்டு செலுத்தினாலே வலி அடங்கும் என்பதை 1976-ல் யாக்ஷ், ரூடி இருவரும் எலிகளில் காட்டினார்கள். 1979-ல் புற்றுநோய் வலியால் அவதிப்பட்டவர்களுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை தண்டுவட மார்ஃபின் கொடுத்துப் பார்த்த முதல் அறிக்கை வந்தது. உணர்வும் அசைவும் அப்படியே இருக்க, வலி மட்டும் குறைந்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்துகளிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்: கால் நடக்கும், ரத்த அழுத்தம் சடாரென விழாது.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. மார்ஃபின் நீரில் கரைவது. கொழுப்பில் எளிதில் புகாது. அதனால் தண்டுவட நீரிலேயே நெடுநேரம் தங்கி, மெல்ல மேலேறி மூளைத்தண்டு வரை போகும். நன்மையும் ஆபத்தும் இந்த ஒரே குணத்திலிருந்து வருகின்றன: ஒரு ஊசி 18 முதல் 24 மணி நேரம் தாங்குகிறது, மூச்சு மந்தமாவதும் பல மணி நேரம் கழித்து வரலாம். ஃபென்டனில் கொழுப்பில் கரைவது. 5 முதல் 10 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். செலுத்திய இடத்தைவிட்டு அதிகம் நகராது.

ஒற்றை ஊசி: குறைந்த செலவில் நிறைந்த பலன்

சிசேரியனுக்குக் கீழுடலை மரக்கவைக்கும் ஊசியோடு 100 முதல் 150 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்ப்பது இந்தக் குடும்பத்திலேயே அதிகம் நிரூபிக்கப்பட்ட பயன்பாடு. 150-க்கு மேல் போனால் வலி நிவாரணம் பெரிதாகக் கூடுவதில்லை. அரிப்பும் குமட்டலும்தான் கூடும். கவனிக்க வேண்டியது அளவு. மைக்ரோகிராமுக்கும் மில்லிகிராமுக்கும் இடையே ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு, நூறு மடங்கு போய்விடும். 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும் ஆம்பூலிலிருந்து 0.1 மி.கி. எடுக்க வேண்டுமென்றால் அது 0.01 மி.லி.; கையால் அளக்கவே முடியாத அளவு. நீர்த்துத்தான் எடுக்க வேண்டும். நீர்க்கும்போதுதான் பிழை நுழைகிறது. தண்டுவடத்துக்கென்றே நீர்த்த நிலையில் வரும், பதப்படுத்தும் வேதிப்பொருள் சேராத மருந்து கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஃபீனால், ஃபார்மால்டிஹைடு, பென்சைல் ஆல்கஹால் போன்ற பதப்படுத்திகள் கலந்த மருந்து நரம்புக்கே கேடு.

ஊசிக்குப் பிறகான கண்காணிப்பு மயக்க மருந்து வேலையோடு முடிந்துவிடாது. அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், ஒற்றை மார்ஃபின் ஊசிக்குப் பிறகு 24 மணி நேரம் கவனிக்கச் சொல்கிறது: முதல் 12 மணி நேரம் மணிக்கொரு முறை, அடுத்த 12-ல் இரண்டு மணிக்கொரு முறை. ஆரோக்கியமான பிரசவத் தாய்க்கு 150 மைக்ரோகிராமுக்குள் கொடுத்திருந்தால், 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கொரு முறை போதும் என்று மகப்பேறு மயக்கவியலாளர்களின் 2019 ஒப்புரை (நிபுணர்கள் ஒருமித்துத் தந்த பரிந்துரை) தளர்த்தியிருக்கிறது. உடற்பருமன், தூக்கத்தில் மூச்சுத் திணறல், கூடவே தூக்க மருந்து என ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தத் தளர்வு பொருந்தாது.

பார்க்க வேண்டியது மூன்று: மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, விழிப்பு. செவிலியர் குறிப்பேட்டில் பெரும்பாலும் விடுபடுவது மூன்றாவதுதான். மூச்சு குறைவதற்கு முன் ஆள் அசந்துபோவது தொடங்கிவிடும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தால் மூச்சு மந்தமான பிறகும் விரல் மீட்டர் 98 காட்டிக்கொண்டிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடான கருவி இல்லை.

பம்ப்: உள்ளே என்ன இருக்கிறது

சிங்க்ரோமெட் II 20 மி.லி., 40 மி.லி. என இரண்டு கொள்ளளவில் வருகிறது. விட்டம் 87.5 மி.மீ.; தடிமன் சிறியதில் 19.5, பெரியதில் 26 மி.மீ. காலியாக 165 முதல் 175 கிராம். ஒல்லியானவருக்கு 40 மி.லி. வயிற்றில் துருத்தித் தெரியும். தோல் மெலிந்து தேய்ந்துபோகும் அபாயமும் உண்டு. ரீஃபில் இடைவெளி நீளும் என்பதற்காக மட்டும் பெரியதைக் கேட்காதீர்கள்.

டைட்டானியம் உறைக்குள் மருந்து அறை, அதைச் சுற்றி அழுத்த வாயு, பேட்டரி, சிறு மோட்டார். மோட்டார் உருளைகளைச் சுழற்றி ஒரு குழாயை நசுக்கி நசுக்கி மருந்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு 0.048 மி.லி. முதல் 24 மி.லி. வரை வேகம் வைக்கலாம். பேட்டரி 4 முதல் 7 வருடம். தீர்ந்தால் பம்பையே மாற்ற வேண்டும். ப்ரொமெட்ரா II-இல் மோட்டார் கிடையாது. வாயு அழுத்தமே மருந்தைத் தள்ளுகிறது, இரண்டு வால்வுகள் மாறி மாறித் திறந்து அளக்கின்றன. அதனால் பேட்டரிச் செலவு குறைவு; மெல்லிய வேகத்தில் 10 வருடம் வரை ஓடும். ஆனால் எம்.ஆர்.ஐ. என்று வரும்போது இதே அமைப்பு தலைவலியாகிறது. அதைக் கீழே பார்க்கலாம்.

பம்பின் மேல்முகத்தில் இரண்டு வாசல்கள். நடுவில் உள்ளது மருந்து அறைக்கு. ஓரத்தில் உள்ளது நேராகக் கதீட்டருக்கு (பம்பிலிருந்து மருந்தைக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்), அதாவது தண்டுவட நீருக்கு. முதல் வாசலுக்குப் போக வேண்டிய மருந்து இரண்டாவதில் போனால் மூன்று மாத மருந்து ஒரே நொடியில் தண்டுவடத்துக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்க ஓர வாசலில் ஒரு வலை வைத்திருக்கிறார்கள். ரீஃபிலுக்கான 22 கேஜ் ஊசி அதற்குள் நுழையாது, அதைவிட மெல்லிய 24 கேஜ் மட்டுமே போகும். நல்ல வடிவமைப்பு. கையில் இருக்கிறதே என்று மெல்லிய ஊசியால் ரீஃபில் செய்யும் கிளினிக்கில் இந்தப் பாதுகாப்பு அர்த்தமிழந்துவிடும்.

சோதனையும் பதிப்பும்

நேராகப் பதிப்பதில்லை. முதலில் ஒற்றை ஊசியாகவோ, சில நாள் வெளிக் கதீட்டராகவோ மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். வலி பாதியாவது குறைந்து, பக்கவிளைவு பொறுக்கும்படி இருந்தால் மேலே போகலாம். வலி மதிப்பெண் குறைந்ததா என்று கேட்பதோடு, நடக்க முடிந்ததா, தூங்க முடிந்ததா என்றும் பதிவு செய்ய வேண்டும். நாள்பட்ட வலிக்காரர்களிடம் சிலர் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள்: சோதனைக்குச் சில வாரம் முன்பே ஓபியாய்டு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, மிகக் குறைந்த தண்டுவட அளவில் தொடங்குவது. உடல் மருந்துக்குப் பழகிய நிலை தளர்ந்துவிடுவதால் பின்னாளில் அளவு மளமளவென ஏறுவதில்லை. இதற்கு நோயாளியின் பொறுமை வேண்டும். சாத்தியமானவர்களிடம் நாங்கள் இதையே விரும்புவோம்.

பதிக்கும்போது, தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, பெரும்பாலும் இடுப்பு 2–3 அல்லது 3–4 முள்ளெலும்பு இடைவெளியில், ஊசியைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து நுழைப்பார்கள். நேராக நடுவில் நுழைத்தால் முள்ளெலும்பு முட்கள் கதீட்டரை நாளடைவில் தேய்த்து அறுத்துவிடும். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே நுனியை மேலே ஏற்றுகிறார்கள். நுனி எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். பம்ப் தள்ளுவது மணிக்குச் சில மைக்ரோலிட்டர். தண்டுவட நீர் ஆறுபோல் ஓடுவதில்லை. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப முன்னும் பின்னும் அசைகிறது, அவ்வளவே. மெல்லச் செலுத்தும் மருந்து நுனியைச் சுற்றிச் சில சென்டிமீட்டருக்குள்தான் செறிவாக இருக்கும். ஆகவே வலியுள்ள பகுதியின் நரம்பு தண்டுவடத்தில் சேரும் மட்டத்துக்கே நுனியைக் கொண்டுபோக வேண்டும். மார்பு எலும்பு வலிக்கு இடுப்பு மட்டத்தில் நுனியை விட்டுவிட்டு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

கதீட்டரைத் தசை உறையோடு நங்கூரமிட்டுத் தைப்பது, குனிந்து நிமிர்வதற்கு இடம் கொடுத்து ஒரு வளையம் விடுவது, பம்பை விலா எலும்பிலும் இடுப்பெலும்பிலும் பெல்ட் கட்டும் இடத்திலும் இடிக்காமல் வைப்பது ஆகியவை எல்லாம் அறுவை மருத்துவரின் பொறுமையைப் பொறுத்தவை. தோலிலிருந்து 2.5 செ.மீ.க்கு மேல் ஆழமாகப் போனால் பின்னாளில் ஊசி எட்டாது, வெளியிலிருந்து பம்பை வாசித்து அளவு வைக்கும் ப்ரோக்ராமர் கருவியின் சிக்னலும் தடுமாறும். பம்ப் புரண்டு படுத்துக்கொண்டால் வாசல் உட்பக்கம் திரும்பிவிடும். பம்பில் இருக்கும் தையல் வளையங்களைப் பயன்படுத்தாமல் விடுவது இதற்கு ஒரு காரணம்.

முதல் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை: உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி, முதுகுக் காயத்தில் தண்டுவட நீர் கசிந்து வீங்குவது, பம்ப் வைத்த இடத்தில் நீர் கோப்பது. கிருமித்தொற்று வந்தால் பெரும்பாலும் பம்ப் முழுவதையும் எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவர், தோலில் புண் இருப்பவர், சிறுநீர்த் தொற்று இருப்பவர் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரவேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவருக்குத் தண்டுவட ரத்தக்கட்டு அபாயம் உண்டு. எந்த மருந்தை எத்தனை நாள் முன்னே நிறுத்துவது என்பதை இதய மருத்துவரோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

எந்த மருந்து, எவ்வளவு

வலிக்காக இந்தப் பம்புகளில் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டவை பதப்படுத்தி சேராத மார்ஃபினும், ஓபியாய்டு அல்லாத ஜிகோனோடைடும். தசை விறைப்புக்கு பக்லோஃபென். ஹைட்ரோமார்ஃபோன், ஃபென்டனில், புபிவகெய்ன், குளோனிடின் எல்லாம் நடைமுறையில் பரவலாகப் போடப்படுகின்றன என்றாலும் அனுமதி இல்லாதவை. 2018 நவம்பரில் எஃப்.டி.ஏ. இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. இது வெறும் காகிதச் சிக்கல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; நாங்கள் ஒதுக்க மாட்டோம். சிங்க்ரோமெட் II பற்றி 2012-ல் மெட்ரானிக் வெளியிட்ட தகவலின்படி, பதித்து 78 மாதத்தில் பம்ப் செயலிழப்பு அனுமதிக்கப்பட்ட மருந்துகளில் 2.4 சதவீதம், மற்றவற்றில் 7.0 சதவீதம். பொருந்தாத மருந்துக் கலவை குழாயை ஊடுருவிப் பல்சக்கரங்களை அரித்துவிடுகிறது. மோட்டார் ஒருநாள் நின்றுவிடுகிறது.

வலி நிபுணர்களின் ஒப்புரைக் குழு 2017-ல் சொன்ன அளவுகள் வழிகாட்டியாக உதவும். மார்ஃபின் நாளொன்றுக்கு 0.1 முதல் 0.5 மி.கி.யில் தொடங்கலாம், உச்சம் 15 மி.கி., செறிவு மி.லி.க்கு 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது. ஹைட்ரோமார்ஃபோன் உச்சம் 10 மி.கி., செறிவு 15. உச்சம் என்பது போய்ச் சேர வேண்டிய இலக்கு இல்லை. புற்றுநோய் அல்லாத வலியில் ஒற்றை இலக்க மில்லிகிராமைத் தாண்டிக்கொண்டே போனால் ஏதோ சரியில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடல் நத்தையின் நஞ்சிலிருந்து பிறந்த ஜிகோனோடைடு 2004 டிசம்பரில் அனுமதி பெற்றது. மூச்சை அடக்காது, திடீரென நின்றாலும் விலகல் அவதி தராது, கதீட்டர் நுனியில் கட்டியும் உண்டாக்குவதில்லை. பிரச்சினை மனநிலையில்: குழப்பம், மறதி, மாயத்தோற்றம் வரை போகும். மனநோய் வரலாறு உள்ளவருக்குக் கொடுக்கக்கூடாது. மிக மெதுவாக, வாரக்கணக்கில் ஏற்ற வேண்டியிருப்பதால் புற்றுநோயாளிக்கு அவசரத்துக்கு உதவாது.

ரீஃபில்: பாதி ஆபத்து இங்கேதான்

கணக்கு எளிது. 20 மி.லி. பம்ப், மி.லி.க்கு 10 மி.கி. மார்ஃபின், நாளொன்றுக்கு 2 மி.கி. என்றால் தினம் 0.2 மி.லி. போகும். எச்சரிக்கை மணி ஒலிக்கும் அளவாக 2 மி.லி. விட்டுவிட்டால் 18 மி.லி.; 90 நாள். 40 மி.லி. பம்பில் இதே கணக்கு 190 நாள் காட்டும், ஆனால் மருந்தின் நிலைத்தன்மை கருதி 180 நாளில் மாற்றியாக வேண்டும்.

செய்முறை இப்படி இருக்க வேண்டும். முதலில் ப்ரோக்ராமரால் பம்பை வாசித்து, உள்ளே எவ்வளவு மீதமிருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வது. மருந்தின் பெயர், செறிவு, நோயாளி பெயர் மூன்றையும் இருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது. கிருமிநீக்கிய கையுறை, முகமூடி, வாசல் இருக்கும் இடத்தைக் காட்டும் அச்சுத் தகடு. 22 கேஜ் ஊசியைச் செங்குத்தாக, அடியில் உலோகம் தட்டும்வரை இறக்குவது. மீதி மருந்தை மெல்ல உறிஞ்சி அளப்பது. பிறகு வடிகட்டி வழியாகப் புது மருந்தை அவசரமின்றிச் செலுத்துவது, சில மி.லி.க்கு ஒருமுறை சற்றே பின்னுக்கு இழுத்து, மருந்து திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. கடைசியில் ப்ரோக்ராமரில் புது அளவை ஏற்றி, அடுத்த ரீஃபில் தேதியை எழுத்தில் கொடுப்பது.

உறிஞ்சி எடுத்த மீதி நிறையப் பேசும். 16 மி.லி. போயிருக்க வேண்டும், 4 மீதம் என்று கணக்கு; கையில் 7 வருகிறது என்றால் போனது 13தான். சிங்க்ரோமெட் II-இன் துல்லிய எல்லை கூட்டியோ குறைத்தோ 14.5 சதவீதம், இது கிட்டத்தட்ட 19 சதவீதக் குறைவு. மோட்டார் இடையில் நின்றிருக்கலாம், கதீட்டர் மடங்கியிருக்கலாம். மீதி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் இன்னும் மோசம்: அதிகம் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது சென்ற முறை மருந்து முழுவதும் அறைக்குள் போகவில்லை. இந்த எண்ணைக் குறிக்காமல் மீதியைக் கொட்டிவிடும் கிளினிக்கை மாற்றிவிடுங்கள்.

மிகக் கொடிய பிழை, ஊசி அறைக்குள் போகாமல் பம்பைச் சுற்றியுள்ள தோல்பைக்குள் மருந்து போய்விடுவது. 20 மி.லி.யில் 200 மி.கி. மார்ஃபின் தோலடி ஊசியாகப் போனதற்குச் சமம். எரிச்சல், வீக்கம், சற்று நேரத்தில் அசதி. சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். இதில் உயிரிழப்புகள் நேர்ந்ததால் மெட்ரானிக் 2011 ஜனவரியில் எச்சரிக்கை அனுப்பியது, எஃப்.டி.ஏ. அதை ஆபத்தின் உச்ச வகையில் சேர்த்தது. பருமனானவர், பம்ப் புரண்டவர், தழும்பு தடித்தவர் என்றால் அல்ட்ராசவுண்டு வைத்து ஊசியைப் பார்த்தே போடுவது நல்லது. ரீஃபில் முடிந்து அரை மணி நேரமாவது உட்கார வைக்க வேண்டும். ஓபியாய்டை முறிக்கும் நாலக்சோனும் ஆக்சிஜனும் அதே அறையில் இருக்க வேண்டும். நாலக்சோன் 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும், மார்ஃபின் தேயாது. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அனுப்பிவிடாமல் மருத்துவமனையில் வைத்துத் தொடர்ந்து சொட்டாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

செறிவை மாற்றும் நாளில் இன்னொரு குழி. அறையில் புது மருந்து வந்துவிட்டாலும் குழாயில் பழைய மருந்துதான் நிற்கிறது. கதீட்டரில் 0.2 மி.லி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 20 மி.கி.யிலிருந்து 10-க்கு மாற்றி, 2 மி.கி. கிடைக்க வேகத்தை 0.2 மி.லி.யாக உயர்த்தினால், முதல் நாள் முழுக்கப் பழைய மருந்தே அந்த வேகத்தில் போகும்: 2-க்குப் பதில் 4 மி.கி. எதிர்த்திசையில் 10-லிருந்து 20-க்கு மாற்றினால் இரண்டு நாள் பாதி அளவுதான் கிடைத்து வலி ஏறும். இதற்கென்றே, குழாயிலுள்ள பழைய மருந்து தீரும்வரை தனி வேகம் வைக்கும் இடைப்பாலக் கணக்கு ப்ரோக்ராமரில் இருக்கிறது. குழாயின் நீளத்தைப் பதிக்கும்போதே சரியாக எழுதி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். கதீட்டரை வெட்டிச் சுருக்கிவிட்டுப் பழைய நீளத்தையே பதிவில் விட்டுவிட்ட பம்புகள் இருக்கத்தான் செய்கின்றன.

நுனியில் வளரும் கட்டி

கதீட்டர் நுனியைச் சுற்றி அழற்சித் திசு திரண்டு கிரானுலோமா என்ற கட்டியாவது 1991 முதல் பதிவாகி வருகிறது. மார்ஃபினும் ஹைட்ரோமார்ஃபோனும் அதிகச் செறிவில், மெல்லிய ஓட்டத்தில் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்போது அபாயம் கூடும். ரீஃபிலுக்கு அடிக்கடி வர முடியாதே என்று செறிவைக் கூட்டுவது இதற்கு வழிவகுக்கும் மிகச் சாதாரணமான முடிவு.

அறிகுறி தந்திரமானது. வலி கூடும், மருத்துவர் அளவைக் கூட்டுவார், சில நாள் சரியாகும், மறுபடி வலி. கூட்டக் கூட்டக் கட்டியும் வளரும். விலாவில் பட்டையாக ஒரு புது வலி, காலில் மரத்துப்போதல், தளர்ச்சி, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அளவைத் தொடாமல் உடனே கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் மருந்தை நிறுத்தி உப்புநீர் ஓடவிட்டு, நுனியைச் சற்று இழுத்தாலே சுருங்கிவிடும். தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கியிருந்தால் அறுவைதான். ஒவ்வொரு ரீஃபிலிலும் கால் வலிமையையும் உணர்வையும் இரண்டு நிமிடம் சோதிப்பது இதற்காகத்தான்.

மற்ற பக்கவிளைவுகள்

அரிப்பு, குறிப்பாக முகத்திலும் மூக்கிலும். இது ஹிஸ்டமினால் வருவதில்லை; அலர்ஜி மாத்திரை தூங்க வைக்கும், அரிப்பை அதிகம் குறைக்காது. சிறு அளவு நல்பியூஃபின் அல்லது நாலக்சோன்தான் கேட்கும். சிறுநீர் தேக்கம் முதல் ஓரிரு நாளில், ஆண்களிடம் அதிகம். பம்பில் நீண்டகாலம் இருப்பவர்களிடம் கால் வீக்கமும் பாலியல் ஹார்மோன் குறைவும் பலர் பேசாமல் விடுபவை. டெஸ்டோஸ்டிரோன் சோதனையை வருடாந்திரப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு, புற்றுநோய் அல்லாத வலிக்கு ஓபியாய்டு பம்ப் வைத்தவர்களின் இறப்பு விகிதத்தை மூன்று நாளில் 0.088, ஒரு மாதத்தில் 0.39, ஒரு வருடத்தில் 3.89 சதவீதம் என்று காட்டியது. தண்டுவட மின்தூண்டிக் கருவி வைத்தவர்களைவிட இது அதிகம். பம்ப் தொடங்கிய அல்லது மறுபடி தொடங்கிய முதல் 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். அந்த நாட்களில் தூக்க மாத்திரை, மது, காபாபென்டின் வகை எதுவும் மருத்துவருக்குத் தெரியாமல் உள்ளே போகக்கூடாது.

எம்.ஆர்.ஐ.யும் அன்றாடமும்

சிங்க்ரோமெட் II-ஐ 1.5, 3 டெஸ்லா கருவிகளில் நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யலாம். காந்தப்புலத்தில் மோட்டார் நின்று, வெளியே வந்ததும் தானாக ஓடும். தானாக ஓடும் என்று நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ப்ரோக்ராமரால் வாசித்து உறுதி செய்ய வேண்டும். ப்ரொமெட்ராவில் மருந்தை முழுவதும் எடுத்துவிட்ட பிறகே ஸ்கேன். காந்தத்தில் வால்வு திறந்துகொண்டால் அறையிலுள்ளது மொத்தமும் இறங்கிவிடும். அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவைப்படும் புற்றுநோயாளிக்கு நாங்கள் சிங்க்ரோமெட்டையே சொல்வோம். ஆனால் தயாரிப்புத் தரக் குறைகளுக்காக அதன் மீது 2015-ல் நீதிமன்ற உடன்படிக்கை ஆணை வந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது.

காய்ச்சல், நீராவிக் குளியல், சுடுநீர்த் தொட்டி: உடல் சூடு ஏறினால் மருந்து ஓட்டமும் கூடலாம். கடலில் 10 மீட்டருக்குக் கீழே முங்கக்கூடாது. பிசியோதெரபியில் மின்னலையால் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி பம்ப் அருகே கூடவே கூடாது. பம்ப் இருப்பவர் இறந்தால் தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். குடும்பத்தில் ஒருவருக்காவது இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு

2002-ல் வெளியான, 202 புற்றுநோயாளிகளை இரு அணியாகப் பிரித்த ஆய்வில், பம்ப் அணியில் 84.5 சதவீதத்தினருக்கும் மருந்து மட்டும் பெற்ற அணியில் 70.8 சதவீதத்தினருக்கும் நிர்ணயித்த பலன் கிடைத்தது. வலி மதிப்பெண்ணில் வித்தியாசம் பிரமாதமில்லை. மருந்து நச்சுப் பாதிப்பு பம்ப் அணியில் 50 சதவீதம் குறைந்தது, மற்றதில் 17. தெளிவான மனதோடு இருக்க முடிவதுதான் இந்தச் சாதனத்தின் உண்மையான விற்பனைப் பொருள். மூன்று மாதத்துக்கு மேல் வாழ்வு எதிர்பார்க்கப்படுபவருக்குப் பதிக்கலாம். அதற்குக் குறைவென்றால் தோலடியில் சுரங்கமிட்ட கதீட்டரும் வெளியே மாட்டும் பம்பும் போதும்.

முதுகு அறுவைக்குப் பிறகும் வலி தீராதவர்களிடம் சான்று மெலிந்தது. உடலெங்கும் பரவிய வலி, கவனிக்கப்படாத மனச்சோர்வு, ரீஃபில் தேதியைத் தவறவிடும் வாழ்க்கைமுறை, உதவிக்கு ஆளில்லாத வீடு: இவற்றில் ஏதாவது இருந்தால் வேண்டாம் என்போம்.

பேட்டரி முடியப்போகும் அறிவிப்பு சிங்க்ரோமெட்டில் 90 நாள் முன்னே வரும். அந்த 90 நாளை மாற்று அறுவைக்குத் தேதி பிடிக்க மட்டும் செலவிடாதீர்கள். அளவைப் படிப்படியாக இறக்கிப் பாருங்கள். வலி அப்படியே இருக்கிறது, கூடவில்லை என்றால் இத்தனை வருடம் பம்ப் என்ன செய்துகொண்டிருந்தது என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாற்றுவதென்றே முடிவானால், பழைய கதீட்டரில் தண்டுவட நீர் தடையின்றி வருகிறதா என்று ஓர வாசல் வழியே உறிஞ்சிப் பார்த்த பிறகே புது பம்பை அதில் இணைக்கச் சொல்லுங்கள்.